அசையாமல் பத்து வினாடி

கழிவிளை உப்பளத்தில் ஆவுடைத்தங்கத்தின் கால்கள் அவளை நாற்காலியில் விட்டுவிட்டுத் தாங்களாகவே வேலைக்குப் போய்வந்த வருஷம், மழை தாமதமாக வெறித்து, தை பிறந்து ஒன்பது நாள் கழிந்த பிறகுதான் பாத்திகளில் தேங்கிய தண்ணீர் வடிந்து களிமண் கண்ணுக்குத் தெரிந்தது. களி தெரிந்தால் மிதிக்க வேண்டும். பெண்கள் வரிசையாகத் தோளோடு தோள் கோத்து, இடது காலை வைத்து அழுத்தி, வலது காலை அதன் பக்கத்தில் வைத்து அழுத்தி, விரற்கடை விரற்கடையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, தரை கல்லைப் போல இறுகும்வரை மிதித்தால்தான் அதன் மேல் விளைகிற உப்பு மண் கலக்காமல் வெள்ளையாக நிற்கும். கழிவிளையில் நாற்பத்து மூன்று பெண்கள் அப்படி மிதித்தார்கள். பாத்தியில் மட்டுமல்ல, ரேஷன் கடை வரிசையில், சடங்கு வீட்டில், கோயில் கொடையில் என்று எங்கே தோளில் தோள் பட நின்றாலும் அவர்களுடைய கால்கள் அவர்களைக் கேட்காமலே மிதித்தன. அவர்கள் அதைக் கவனிப்பதை விட்டுப் பல வருஷமாயிற்று.

அந்த வருஷம் முதலாளி புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார். அளம் கொடுத்த லைன் வீடுகள் வேலை செய்கிறவர்களுக்குத்தான், ஒருவருக்கு வேலை செய்யக் கால் இருக்கிறதா என்று கங்காணி கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது, மிஷின் சொல்ல வேண்டும் என்றார். குடோனை ஒட்டிய தகரக் கூரை அறையில் ஒரு நாற்காலி போட்டு, அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் மஞ்சள் கோடு கிழித்தார்கள். இரண்டு கால்களிலும் கணுக்காலுக்கு மேலே தீப்பெட்டி அளவு சென்சாரைப் பட்டை வைத்துக் கட்டுவார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இருபது வினாடிக்குள் முடித்தால் வீடு இருக்கும். முடிக்காதவர்கள் மாசி முடிவதற்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பெண்கள் அந்தக் கறுப்புப் பட்டைகளைக் கொலுசு என்றார்கள். முதலாளி கையால் தங்களுக்குக் கிடைத்த முதல் நகை இதுதான் என்று சுயம்புக்கனி சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு ஆவுடைத்தங்கம் நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றுபோயிற்று, ஏனென்றால் அவள் நிற்கவில்லை, இரண்டு பேர் அவளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

போன ஆவணியில் உப்பு அம்பாரம் சரிந்து அவள் மேல் விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள், ஆனால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை; கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. புருஷன் இல்லை. மகள் சொர்ணா பிளஸ் டூ படிக்கிறாள், பரீட்சை பங்குனியில் முடிகிறது, வீட்டுச் சாவியோ மாசியில் போகிறது. நடுவில் இருக்கிற அந்த மூன்று வாரத்துக்கு ஒரு கூரை வேண்டும். ஆவுடைத்தங்கத்துக்கு அந்த வருஷம் இருந்த கவலை அவ்வளவுதான், அது மலையளவு இருந்தது.

சோதனை செய்ய வந்தவள் பிரம்மசக்தி. இருபத்து மூன்று வயது, பிசியோதெரபி படித்தவள், அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், இது அவளுக்கு முதல் வேலை. எந்த எண்ணையும் முதலில் பென்சிலில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, பிறகுதான் பேனாவில் எழுதுவாள். அறையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவளுடைய அம்மாவும் தெற்கே வேறொரு அளத்தில் மிதித்தவள்தான், ஆனால் மகளை ஒருநாளும் பாத்தியில் இறங்க விட்டதில்லை. ஒரு தடவை கால் களியைப் பழகிவிட்டால் அப்புறம் அது களிக்குத்தான் சொந்தம் என்பாள்.

மிஷினுக்கு ஒரு முறை உண்டு. நடக்கச் சொல்வதற்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டவர் பத்து வினாடி அசையாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் எது ஓய்வு எது அசைவு என்று அதற்குத் தெரியும். ஆவுடைத்தங்கத்தின் இடப்பக்கம் சுயம்புக்கனியும் வலப்பக்கம் லூர்தும் தோள் கொடுத்து நின்றார்கள். மூன்று பேர் தோள் கோத்து நின்றால் கழிவிளையில் என்ன நடக்குமோ அது நடந்தது; சுயம்புக்கனியின் கால் மிதித்தது, லூர்தின் கால் மிதித்தது, அந்த ஆட்டத்தில் நடுவில் தொங்கிய இரண்டு செத்த கால்களும் இடமும் வலமுமாக மிதித்தன. பிரம்மசக்தி அதைப் பார்த்தாள். கையிலிருந்த தொடுதிரை டேப் அவளிடம், அசையாமல் நின்றாரா, ஆம், இல்லை என்று கேட்டது. வெளியே வெயிலில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள், கங்காணி தவசிமுத்து வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் ‘ஆம்’ என்பதைத் தொட்டாள்.

ஆவுடைத்தங்கத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எழுந்திரிங்க யக்கா என்று பிரம்மசக்தி சொல்வதற்கு முன்பே டேப்பில் கோடுகள் ஓடத் தொடங்கின, ஓடி, திரும்பி, வந்து நின்றன. பதினோரு வினாடி. அன்றைக்கு அதுவரை நடந்தவர்களில் யாரும் அத்தனை வேகமாக நடக்கவில்லை. நாற்காலியில் ஆவுடைத்தங்கம் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி, எழுந்திரு என்று சொல்லக் காத்திருந்தாள்.

பிரம்மசக்தி மறுபடி செய்தாள். பதினோரு வினாடி. மூன்றாம் தடவையும் பதினோரு வினாடி. அவள் பென்சிலை வைத்துவிட்டு, இவங்க எழுந்திருக்கவே இல்லை அண்ணாச்சி என்று தவசிமுத்துவிடம் சொன்னாள். அவர் டேப்பை எட்டிப் பார்த்து, இவ்வளவு விலை போட்டு வாங்கினது பொய் சொல்லவா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வரப்பில் ஒருத்தி வேகமாக வந்து, ஏழாம் பாத்தியை யார் மிதிக்கச் சொன்னது, அது நாளைக்குத்தானே என்றாள்.

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். ஏழாம் பாத்தியின் தெற்கு மூலையில் மூன்று கை அகலத்துக்குக் களி மிதிபட்டு இறுகியிருந்தது, அதன் ஓரத்தில் இரண்டு கால்தடங்கள் புதிதாக ஊறிக்கொண்டிருந்தன, இடது தடத்தில் சுண்டுவிரல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உப்பு வாருகிற வாருபலகை பட்டு ஆவுடைத்தங்கத்தின் இடது சுண்டுவிரல் போனது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பக்கத்தில் அடுத்த தடம் விழுந்தது, பிறகு அதற்கடுத்தது, காயப்போட்ட துணியிலிருந்து சொட்டு விழுவதுபோல, அவசரமில்லாமல்.

“மதினியோட மிதிதான்” என்றாள் சுயம்புக்கனி. “குதியை ஊனாம மிதிப்பா. எத்தனை தடவ சொல்லியாச்சு.”

பிரம்மசக்தி பேனாவை எடுத்துக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதினாள். படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருந்தது. சோதனையில் சந்தேகம் வந்தவர்கள் சீசன் முடியும்வரை பட்டையைக் கழற்றக் கூடாது என்பதும் சட்டத்தில் இருந்ததால், சென்சார்கள் ஆவுடைத்தங்கத்தின் கால்களிலேயே இருந்துவிட்டன, மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து சார்ஜ் போட்டுக் கட்டிவிட்டுப் போவது பிரம்மசக்தியின் வேலையாயிற்று.

ஒரு வாரத்தில் ஊர் பழகிக்கொண்டது. காலையில் ஆறு மணிக்கு வரிசை இறங்கும்போது சுயம்புக்கனிக்கும் லூர்துக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டார்கள், அந்த இடத்தில் தடங்கள் விழுந்தன, இரண்டு பேரும் அந்த இடைவெளிக்குமேல் கையை நீட்டித் தோள் கோத்துக்கொண்டார்கள். பேச்சும் அதைத் தாண்டிப் போகாமல் அதையும் சேர்த்துக்கொண்டே போனது; சாயங்காலம் லூர்து ஆவுடைத்தங்கத்தின் வீட்டு வாசலில் வந்து நின்று, உன் காலு இன்னைக்கு எம் பெருவிரலை ரெண்டு தடவ மிதிச்சிட்டு, சொல்லி வை என்று புகார் சொல்லுவாள், ஆவுடைத்தங்கம் காலைக் குனிந்து பார்த்து, கேட்டுச்சா ஏ மூதி என்று தன் முழங்காலைத் தட்டுவாள். உழைக்கிற காலுக்குச் சோறு வேண்டும் என்று ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள், இன்னொருத்தி முட்டை. சார்ஜ் போடுகிற இரண்டு மணி நேரம் தடங்கள் நடுப்பாத்தியில் அப்படியே நின்றுவிடும், அப்போது வரிசையும் நின்று தண்ணீர் குடிக்கும். அதனால் பிரம்மசக்தி வருகிற நாளைப் பெண்கள் எதிர்பார்த்தார்கள். தவசிமுத்து வருகைப் பதிவில் ஆவுடைத்தங்கம், வந்தாள் என்று எழுதினார். காலு வந்தா ஆளு வந்த மாதிரிதானே, தலையையும் வயித்தையும் வச்சா மிதிக்கோம் என்று யாரிடமோ சொன்னாராம்.

பிரம்மசக்திக்கு மட்டும் பழகவில்லை. தன் விரல் தொட்ட அந்த ‘ஆம்’ என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள், வேப்பலோடை விலக்கில் இறங்கும்போது இன்றைக்கு வேண்டாம் என்று நினைப்பாள். சொன்னால் சோதனை செல்லாது, சோதனை செல்லாது என்றால் வீடு போகும், சொர்ணாவின் பரீட்சை போகும். இதெல்லாம் உண்மைதான், ஆனால் சொன்னால் தன் வேலையும் போகும் என்பதும் உண்மை, அந்த இரண்டில் எதற்காக வாயை மூடியிருக்கிறோம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் தவசிமுத்து கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கால்கள் தண்ணீர் கேட்கவில்லை, நிழல் கேட்கவில்லை, முதுகு வலிக்கிறது என்று நிமிரவில்லை. ஏழாம் பாத்தி முடிந்ததும் எட்டைக் கொடுத்தார், பிறகு எட்டோடு ஒன்பதையும், மாசி பிறக்கும்போது தனியாகவே ஆறு பாத்தி. அந்த ஆறு பாத்தியில் மிதிக்க வேண்டிய பெண்களிடம், வேலை இல்லை, சொல்லி அனுப்புறேன் என்றார். முதலில் இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள், பிறகு ஐந்து பேர், பிறகு ஒன்பது பேர். குழம்பு வருவது நின்றது. யாரும் சண்டைக்கு வரவில்லை, ஆனால் குடத்தோடு ஆவுடைத்தங்கத்தின் வாசலைக் கடக்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் போனார்கள். லூர்தும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி.

டேப்பில் ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் மிதி காட்டியது. பிரம்மசக்தி அங்குலநாடாவால் கெண்டைக்காலைச் சுற்றி அளந்து பென்சிலில் குறித்தாள். பட்டையின் ஓட்டை வாரத்துக்கு ஒன்றாக உள்ளே நகர்ந்தது. ஆடாமல் அசையாமல் பலகையில் நீட்டிவைத்திருந்த பாதங்கள் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவள் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுப் பிழிந்தால் அந்தத் தண்ணீர் கரித்தது.

“யக்கா, கழட்டிருவோம்” என்றாள் ஒருநாள். “தேஞ்சுக்கிட்டே போகுது. எனக்குப் பயமா இருக்கு.”

ஆவுடைத்தங்கம் உள் அறையைப் பார்த்தாள். அங்கே சொர்ணா சுவரைப் பார்த்து உட்கார்ந்து உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, உதடு மட்டும் அசைய.

“அவ கடைசிப் பரிச்சை முடியட்டும் மக்கா. அதுக்கப்புறம் காலு இருந்தா என்ன, போனா என்ன. இப்பமே எனக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரிதான்.”

பங்குனி பிறந்தது. பாத்திகள் எல்லாம் மிதித்து முடிந்து, உப்புநீர் தேக்கிவைத்த தெப்பத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் நின்ற பாத்தியில் யாரும் மிதிக்க மாட்டார்கள், அதில் இனி உப்புத்தான் விளைய வேண்டும். மிதித்தலே ஓய்வு என்று ஒருதரம் கற்றுக்கொண்ட கால்களுக்கு மிதிக்க இடமில்லாமல் போயிற்று. இரண்டு நாள் அவை வரப்புகளைச் சுற்றி வந்தன, குடோன் வாசல்வரை வந்து திரும்பின, மூன்றாம் நாள் கிழக்கே திரும்பின. கிழக்கே ஒரு மைல் தூரத்துக்கு யாரும் மிதிக்காத ஈரக் களி கிடக்கிறது, அதற்கப்பால் கடல்நீர் ஏறி இறங்குகிற கழி, கழிக்கப்பால் கடல். கால்கள் அந்தக் களியைப் பக்கவாட்டில் வரிவரியாக மிதித்துக்கொண்டே போயின, போகப்போக ஈரம் கூடியது.

சொர்ணாவுக்குக் கடைசிப் பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றுதான் முதல் உப்பு வாருவதும். கண்ணாடி கெட்டியாவதுபோலப் பாத்திகளில் உப்பு கட்டிக்கொண்டிருந்தது, வெயில் தாழ்வதற்குள் வாராவிட்டால் பாளமாக இறுகி, பிறகு கடப்பாரைதான் வேண்டும். அதனால் வீட்டில் இருக்கச் சொன்ன ஒன்பது பேரையும் அன்றைக்கு மட்டும் தவசிமுத்து கூப்பிட்டிருந்தார். பிரம்மசக்தி தகர அறைக்கு ஆவுடைத்தங்கத்தைக் கொண்டுவரச் சொல்லி, சார்ஜ் போடக் குனிந்தபோது, ஆவுடைத்தங்கம் அவள் கையைப் பிடித்தாள்.

“மக்கா, காலு குளுருது.”

எட்டு மாதமாக எதுவும் தெரியாத கால்கள். பிரம்மசக்தி தொட்டுப் பார்த்தாள். கணுக்கால்வரை சில்லென்றிருந்தது, அதற்கு மேலே வெயில் சூடு. அவள் வாசலுக்கு ஓடிக் கிழக்கே பார்த்தாள். கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வருவதற்குள் குளிர் கெண்டைக்கால் பாதிக்கு வந்திருந்தது, பட்டைகளின் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து நாற்காலிக்கடியில் சொட்டியது.

கழற்றிவிட்டால் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், அதுதான் ஒவ்வொரு சார்ஜிலும் பார்த்ததாயிற்றே. அப்போது தண்ணீர் அவற்றின் மேல் ஏறும். கழற்றாவிட்டால் அவை நடந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு ஓய்வு எது என்று மறுபடி சொல்லிக்கொடுப்பதைத் தவிர வழியில்லை, அதைச் செய்ய வேண்டுமானால் முதலில் கற்றுக்கொடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டும். பிரம்மசக்தி வாசல் படியில் நின்று, வாருகிற பெண்களுக்கும் வரப்பில் நின்ற தவசிமுத்துவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

“அன்னைக்கு இவங்க அசையாம நிக்கல. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் நின்னாங்கன்னு அமுக்கினேன். பதினோரு வினாடி பொய். தப்பு என் மேல.”

அந்த அகலமான வெள்ளை வெளியில் வாருபலகைகளின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. தவசிமுத்து அருகே வந்து, தணிந்த குரலில், சொல்ல வேண்டியதை முதலாளிகிட்ட சாயங்காலம் சொல்லுங்க, இப்பம் வாரு நேரம், ஒருத்தியும் கரையேறக் கூடாது என்றார். சுயம்புக்கனி வாருபலகையை வரப்பில் சாத்திவிட்டுக் கரையேறினாள். லூர்து ஒரு நிமிஷம் தன் பாத்தியையும் தகர அறையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“எம் பாத்தியைப் பிடுங்கினது அவ காலு. அவ இல்ல” என்று சொல்லிவிட்டு அவளும் ஏறினாள்.

இரண்டு பேரும் தோள் கொடுத்து ஆவுடைத்தங்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். குளிர் முழங்காலுக்கு வந்திருந்தது. அசையாதீங்க என்றாள் பிரம்மசக்தி. மூன்று எண்ணுவதற்குள் சுயம்புக்கனியின் இடது கால் அழுத்தியது, லூர்தின் வலது கால் அழுத்தியது. மறுபடி நின்றார்கள், ஐந்து வரை போனது. சுயம்புக்கனி தன் தொடையைத் தானே அறைந்துகொண்டு, நான் நிக்கேன், அது நிக்கமாட்டேங்கு என்றாள். இருபத்தாறு வருஷமாக அவள் தோளில் இன்னொரு தோள் பட்டதும் மிதித்த கால் அது. லூர்துக்கு அழுகை வந்துவிட்டது, அழும்போதும் அவள் கால் மிதித்தது. நாற்காலிக்கடியிலிருந்த தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டது.

பிறகு எல்லோரும் வந்தார்கள். யார் கூப்பிட்டது என்பதைப் பற்றிக் கழிவிளையில் இன்றைக்கும் ஒரே பேச்சு கிடையாது. சிலர் சுயம்புக்கனி கை தட்டினாள் என்கிறார்கள், சிலர் யாரும் கூப்பிடவில்லை, காற்று நின்றதால் நிமிர்ந்து பார்த்தோம், வந்தோம் என்கிறார்கள். நாற்பத்திரண்டு பேரும் வாருபலகைகளைப் போட்டுவிட்டு வந்து, அறைக்குள் இடமில்லாமல் ஆவுடைத்தங்கத்தை வெளியே குடோன் முற்றத்துக்குத் தூக்கிவந்து, அவளை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் தோள் கோத்து நின்றார்கள். மிதி ஒரு தோளிலிருந்து அடுத்த தோளுக்கு ஏறி, வரிசை முழுக்க ஒரு அலை மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. மூன்று பேரிடம் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. குளிர் தொடைக்கு வந்துவிட்டது என்று ஆவுடைத்தங்கம் சொன்னாள், அவள் உதடு நீலமாகியிருந்தது.

பிரம்மசக்திக்கு அப்போதுதான் தன் கால்கள் ஞாபகம் வந்தன. களியே பழகாத கால்கள். அந்த முற்றத்தில் தோள் பட்டும் மிதிக்கத் தெரியாத இரண்டே கால்கள் அவளுடையவை. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கோடியில் போய்க் கடைசிப் பெண்ணின் தோளில் கை போட்டாள். நாற்பத்திரண்டு பேரின் மிதி வந்து அவள் தோளில் மோதியது, முதுகெலும்பில் இறங்கியது, இடுப்பு அதிர்ந்தது, தொடை அதிர்ந்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாதங்களைத் தரையில் ஊன்றினாள். போக இடமில்லாமல் அது அங்கேயே நின்றது. மறுபடி ஒன்று வந்தது, அதுவும் நின்றது. மூன்றாவது அலை மெதுவாக வந்தது. நான்காவது வரவில்லை.

ஆனால் டேப்பைத் தொட ஆள் இல்லை. பரீட்சை முடிந்து பஸ் இறங்கி வந்த சொர்ணா, ஹால் டிக்கெட் கையிலிருக்க, முற்றத்தின் வாசலில் திகைத்து நின்றாள். பிரம்மசக்தி தலையை அசைக்காமல், கண்ணால் தகர அறை நாற்காலியில் கிடந்த டேப்பைக் காட்டினாள். சொர்ணா அதை எடுத்தாள். பத்து வினாடி ஓடியது. அசையாமல் நின்றாரா என்று அது கேட்டது. அந்தப் பெண் அவசரப்படவில்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, வெடித்த, உப்புப் பூத்த, நகம் போன எண்பத்தெட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ‘ஆம்’ என்பதைத் தொட்டாள்.

முதலில் சத்தம்தான் கேட்டது, கழியிலிருந்து யாரோ வெளியேறுகிற தண்ணீர்ச் சத்தம். பிறகு தூரத்துக் களியில் தடங்கள் தெரிந்தன. இந்தத் தடவை பக்கவாட்டில் இல்லை. மனிதர் வீட்டுக்கு வருகிற மாதிரி நேராக, ஒன்றின் முன் ஒன்றாக, வரப்பில் ஏறி, முற்றத்துக்குள் வந்து, சுண்டுவிரல் இல்லாத ஈரத்தடம் ஆவுடைத்தங்கத்துக்கு ஒரு முழம் முன்னால் தயங்கி நின்றது.

“சேறும் சகதியுமா அப்படியே ஏறாத” என்றாள் ஆவுடைத்தங்கம். “கழுவிட்டு வா.”

யாரோ சிரித்தார்கள், ஆனால் அசையாமல் சிரித்தார்கள். அடுத்த நொடி ஆவுடைத்தங்கம் அலறினாள். நாற்பதாயிரம் நாற்பதாயிரமாக இரண்டு மாத மிதியின் வலி முழுவதும் ஒரே நேரத்தில் அவள் கால்களுக்குள் வந்து ஏறியது. சுயம்புக்கனி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்கா, வலிக்கா மதினி என்று கேட்டாள், கேட்கும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்.

தவசிமுத்து சூரியனைப் பார்த்தார், பாத்திகளைப் பார்த்தார். உப்பு பாளமாகத் தொடங்கியிருந்தது. சரி, ஆச்சுல்லா, நல்லபடியா முடிஞ்சது, எல்லாரும் பாத்திக்கு நடங்க என்றார். ஒருத்தியும் நகரவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார். நாற்பத்து நான்கு பெண்கள் தோள் கோத்தபடி, மூச்சு விடுகிற அசைவுகூட வெளியே தெரியாமல் நின்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நிற்கக் கற்றுக்கொண்டவர்கள், அதை இத்தனை சீக்கிரம் விட அவர்களுக்கு மனசில்லை.

“என்ன வேணும்ங்கிய இப்பம்?” என்றார் அவர்.

சொர்ணாதான் பேசினாள், அவள் ஒருத்திதான் வரிசையில் இல்லாதவள். படிவத்தில் இருக்கிறது பொய் என்றால் அதை அடிக்க வேண்டும், அடித்துவிட்டு, அம்பாரம் விழுந்து கால் போனவளுக்கு அந்த வீடு அவள் பேரிலேயே இருக்கும் என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஒன்பது சித்திமாருக்கும் பாத்தியைத் திருப்பித் தர வேண்டும் என்றாள். பரீட்சையில் விடை சொல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். எனக்கு அதுக்கு அதிகாரம் கிடையாதம்மா என்றார் தவசிமுத்து. அப்ப யாருக்கு உண்டோ அவங்களைக் கூப்பிடுங்க மாமா, நாங்க நிக்கோம் என்றாள்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அம்பாரத்தின் நிழல் குடோன் படியைத் தொடும்வரை என்று சுயம்புக்கனி சொல்கிறாள். டேப்பில் பார்க்கலாம் என்றால் அதன் சார்ஜ் நடுவில் தீர்ந்துவிட்டது. தவசிமுத்து முதலாளியிடம் மூன்று தடவை போனில் பேசினார், ஒவ்வொரு தடவையும் பேசும்போது பாத்திகளில் உப்பு இறுகுகிற சத்தம், காய்ந்த ஓலை முறிவதுபோல, அந்தப் பக்கத்து ஆளுக்கும் கேட்கும்படி போனை நீட்டிப் பிடித்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு படிவத்தை எடுத்துவரச் சொன்னார்.

பிரம்மசக்தி வரிசையிலிருந்து கையை எடுத்தபோது அவள் தோள் கன்றிப்போயிருந்தது. நாளைக்கு வர வேண்டாம் என்று தவசிமுத்து அவளிடம் சொன்னார், கோபமாக அல்ல, தகவலாக. அவள் தலையாட்டினாள். பதினொன்று என்பதை அடித்துவிட்டு, கட்டத்தில் ‘எழவில்லை’ என்று எழுதினாள். பென்சிலைத் தேடவில்லை, நேரே பேனாவில். அதன் கீழே தவசிமுத்து எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரிசை மெல்ல அவிழ்ந்தது. பெண்கள் வாருபலகையையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு, தங்கள் கால்களைத் தாங்களே பார்த்தபடி பாத்திக்கு இறங்கினார்கள்.

ஆவுடைத்தங்கத்தை நாற்காலியில் உட்கார வைத்து, பிரம்மசக்தி முழங்காலிட்டுப் பட்டைகளைக் கழற்றினாள். கழற்றிய இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் இருந்தது. அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்து விரல், யாரும் சொல்லாமல், மிகக் கொஞ்சமாக மடங்கி நிமிர்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிரம்மசக்தி காத்திருந்தாள். அது இன்னொரு தடவை மடங்கியது.

அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. அவள் ஓரத்தில் எழுதினாள்: இடது கால், நான்காம் விரல், இரண்டு முறை. நான் பார்த்தேன்.